கையில் வின்செஸ்டர், வாயில் தமிழ்: பழைய சேலம் மாவட்டக் காடுகளில் புலி தேடிய கென்னத் ஆண்டர்சன் யார்?

கொல்லிமலை என்றதும் 70 கொண்டை ஊசி வளைவும் ஆகாய கங்கை அருவியும் ஞாபகம் வரும். கூடவே வல்வில் ஓரியும். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்ததாகச் சங்கப் பாடல் சொல்கிற ஆள் அவர். ஆடி மாதம் அவருக்கு அரசு விழாவே எடுக்கிறார்கள். அதே மலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது என்ற செய்தியும் அவ்வப்போது வரும்.

வில்லுக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் நடுவில் இந்தப் பக்கத்து மலைகளுக்கு இன்னொரு ஆயுதத்தின் கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் செய்த வின்செஸ்டர் ரைபிள். அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் கென்னத் ஆண்டர்சன். அவர் காலத்தில் கொல்லிமலை, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை எல்லாமே ஒரே சேலம் மாவட்டம். தருமபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும்தான் பிரிந்தன. ஆண்டர்சன் கதைகளில் பெரும்பகுதி நடப்பது அந்த மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில்.

பெங்களூரு வீட்டுப் பையன்

1910 மார்ச் 8-ம் தேதி ஹைதராபாத் பக்கம் பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சாவளி. ஆனால் ஆறு தலைமுறையாக இந்தியாவிலேயே இருந்த குடும்பம். அப்பா ராணுவக் கணக்குத் துறை அதிகாரி, வேட்டைப் பிரியர். மகனுக்குக் காட்டு ஆசை அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

படிப்பு பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மனசு ஒட்டவில்லை, பாதியில் திரும்பிவிட்டார். தபால் தந்தித் துறையில் சுமார் 15 வருஷம் வேலை. பிறகு, இன்று எச்.ஏ.எல். என்று நாம் சொல்லும் பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் மேலாளர். அதாவது இவர் முழுநேர வேட்டைக்காரர் கிடையாது. ஆபீஸில் லீவு போட்டுவிட்டு காரில் கிளம்பி ஒசூர் தாண்டிக் காட்டுக்குள் நுழைகிற ரகம். தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுவார் என்பதால் மாட்டுக்காரர், வண்டிக்காரர், வனக்காவலர் என்று எல்லோரிடமும் நேரடியாகவே விசாரிப்பார்.

அந்த ரைபிளில் என்ன விசேஷம்?

ஆண்டர்சன் பெரும்பாலும் நம்பியது .405 வின்செஸ்டர், மாடல் 1895. வடிவமைத்தவர் புகழ்பெற்ற ஜான் பிரவுனிங். இது லீவர் ஆக்‌ஷன் வகை. விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளையம்தான் லீவர். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். கௌபாய் படங்களில் சடக் சடக்கென்று இழுப்பார்களே, அதுதான்.

பழைய லீவர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். கூர்முனைத் தோட்டா போட்டால் முன்னால் இருப்பதன் பின்பக்கத்தைக் குத்தி வெடித்துவிடும் என்ற பயம் உண்டு. மாடல் 1895-ல் பிரவுனிங் பெட்டி மாதிரி மேகசின் வைத்தார், அந்தப் பயம் போனது. .405 தோட்டா வந்தது 1904-ல். அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்கு இந்த ரைபிளையும் எடுத்துப் போனார். சுட்டால் தோளில் நன்றாக உதைக்கும் என்று இன்றும் துப்பாக்கி ஆர்வலர்கள் சொல்வார்கள்.

ராத்திரி பரண் மேல் உட்கார்ந்து, ரைபிளில் டார்ச் லைட்டைக் கட்டிக் காத்திருக்கிற ஆளுக்கு முதல் குண்டு தவறினால் இரண்டாவது குண்டுக்கு எத்தனை விநாடி என்பதுதான் உயிர்க் கணக்கு.

கும்மளாபுரம் சிறுத்தை

தளி பக்கத்தில் இருக்கிற கும்மளாபுரம் வட்டாரத்தில் ஒரு சிறுத்தை 42 பேரைக் கொன்றதாக ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். இருட்டினால் ஊரே கதவை அடைத்துக்கொண்டு கிடந்ததாம். அங்கே காத்திருந்த ராத்திரிகளில் இவருக்குக் காவல் ஒரு தெருநாய். பிஸ்கட் போட்டதால் ஒட்டிக்கொண்ட அது, சிறுத்தை நெருங்குவதை முதலில் மோப்பம் பிடித்து உறுமியது. அதனால் பிழைத்தேன் என்கிற அளவுக்கு எழுதுகிறார். பிறகு அந்த நாயை பெங்களூருவுக்கே கூட்டிப்போய் நிப்பர் என்று பெயர் வைத்தார்.

செத்த சிறுத்தையின் பாதத்தைப் பார்த்தால், உள்ளே முள்ளம்பன்றி முட்கள் ஒடிந்து கிடந்தன. ஓடிப் பிடிக்க முடியாத மிருகம், மெதுவாக நடக்கிற மனிதன் பக்கம் திரும்பிவிட்டது. முள் மட்டுமில்லை, அரைகுறையாகச் சுட்ட குண்டுக் காயமும் புலியை ஆட்கொல்லி ஆக்கும் என்பதை அவர் கதைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. வெறும் சாகசக் கதை என்று ஒதுக்கிவிட முடியாதது இந்த இடத்தில்தான். காயப்படுத்தியவன் வீட்டுக்குப் போய்விடுவான், விலை கொடுப்பது தண்ணீர் எடுக்கப் போகிற பெண்ணும் மாடு மேய்க்கிற பையனும்.

அதற்காக நாட்டுத் துப்பாக்கிக்காரர்களை ஆண்டர்சன் வெறுக்கவில்லை. பென்னாகரம் பக்கத்து முத்தூரில் திருட்டு வேட்டை ஆடிக்கொண்டு, ஆற்றங்கரைப் பொந்தில் குடியிருந்த பைரா என்ற பழங்குடி மனிதர்தான் அவருடைய நெருங்கிய காட்டு நண்பர். தடம் பார்ப்பதில் தன்னைவிடப் பைரா கெட்டிக்காரர் என்பதை மறைக்காமல் எழுதினார். வெள்ளைக்கார வேட்டை எழுத்தில் இது அபூர்வம்.

1939 முதல் 1966 வரை அவர் கணக்கில் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளும் 7 ஆட்கொல்லிப் புலிகளும் இருப்பதாகச் சொல்கிறார்கள். முதல் புத்தகம் 1954-ல் வந்தது. கதைகளில் கொஞ்சம் மசாலா தூக்கல் என்று சந்தேகப்படுபவர்கள் இன்றும் உண்டு. இருக்கலாம். ஆனால் ஊர், ஓடை, ஒற்றையடிப் பாதை பற்றிய விவரங்களைப் பிடித்துக்கொண்டு இன்றும் அந்த இடங்களைத் தேடிப் போகிற வாசகர்கள் இருக்கிறார்கள்.

மாறிய காலம்

வயதாக ஆக, சுடுவதைவிடக் காப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த வருஷக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கத் தேறியவை சுமார் 1,800 புலிகள். அடுத்த வருஷம் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது.

இன்று ஒருவருக்குப் புது ரைபிள் வாங்க ஆசை வந்தால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி செய்யக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. உரிமம் கையில் இருந்தாலும் வேட்டைக்குப் போக முடியாது. பயிரைக் காப்பாற்ற, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் காட்டு விலங்கைச் சுட அது அனுமதி ஆகாது, அதற்கு வனத்துறை உத்தரவு தனியாக வேண்டும். மலையில் மரவள்ளிக் கிழங்கைப் பன்றி தோண்டிப் போட்டதும் பலருக்குச் சிக்கல் ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

ஆண்டர்சன் 1974 ஆகஸ்ட் 30-ம் தேதி புற்றுநோயால் இறந்தார். 64 வயது. கடைசிப் புத்தகம் இரண்டு வருஷம் கழித்து, 1976-ல் வெளியானது.