கிரீன் டீயை ஆராய்ந்த மிச்சியோ சுஜிமுரா

சேதராப்பட்டு மளிகைக் கடையில் நீங்களும் கிரீன் டீ பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு வயிற்றில் சதை போடுகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று கவலைப்படும் பெண்களுக்கு அதைக் குடிக்கச் சொல்பவர்கள் நிறைய. அந்த இலையில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து சொன்னவரும் ஒரு பெண்தான்.

மிச்சியோ சுஜிமுரா 1888-ல் ஜப்பானில் பிறந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்தவர், ஆராய்ச்சி ஆசையில் 1920-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பெண்களை மாணவராகச் சேர்ப்பதில்லை. சம்பளமில்லா உதவியாளராக இருந்து, பட்டுப்புழுவின் ஊட்டத்தை ஆராய்ந்தார். பிறகு டோக்கியோ வந்தார். 1923 நிலநடுக்கத்தில் ஆய்வுக்கூடமே அழிந்தது. அதன்பின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் உமெதாரோ சுஸுகியிடம் சேர்ந்தார். அரிசித் தவிட்டிலிருந்து பி1 சத்தைப் பிரித்தவர் இந்த சுஸுகிதான்.

1924-ல் கிரீன் டீயில் வைட்டமின் சி இருப்பதை சக ஆய்வாளர் மியுராவுடன் சேர்ந்து கண்டறிந்தார். 1929-ல் கேட்டச்சின், 1930-ல் துவர்ப்புத் தரும் டானின் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தார். 1932-ல் வேளாண்மையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் ஆனார்.

சாதாரண டீத்தூளும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்தவுடன் ஆவியிலோ சட்டியிலோ சூடுகாட்டிவிட்டால் இலை கறுக்காது, கேட்டச்சினும் பெருமளவு தங்கிவிடும். நீலகிரியிலும் இப்படித் தயாரிக்கிறார்கள்.

அந்தக் கேட்டச்சினால் பலன் உண்டா? அமெரிக்காவின் மினசோட்டாவில், மாதவிலக்கு நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓராண்டு சோதித்தார்கள். கிரீன் டீ சாறு மாத்திரை எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 4 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. எடை குறையவில்லை. 100-ல் 5 பேருக்குக் கல்லீரல் நொதி உயர்ந்தது. எனவே, விளம்பரத்தைப் பார்த்து மாத்திரை வாங்காதீர்கள். அந்த மாத்திரையின் வீரியம் வேறு, டம்ளரில் குடிக்கும் டீ வேறு. டீ குடித்தாலும் சர்க்கரை, கொழுப்பு மாத்திரைகளை நிறுத்த வேண்டாம்.

சுஜிமுரா பிரித்த அதே டானின், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்டதும் குடிக்காமல், ஒரு மணி நேரம் விட்டுக் குடியுங்கள். சர்க்கரை போட்டால் குடிப்பதில் அர்த்தமே இல்லை.

சம்பளமில்லாமல் தொடங்கிய சுஜிமுரா, 1949-ல் ஒச்சனோமிசு பெண்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையானார். 1955-ல் ஓய்வுபெற்று, 1969-ல் 80 வயதில் காலமானார்.