சீராம்பூர் கண்ட கேரி பெருமகனார்

இங்கிலாந்து தேயத்து நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்த பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில், 1761-ஆம் ஆண்டு நெசவாளர் ஒருவர்க்கு மகனாய்த் தோன்றினார் வில்லியம் கேரி. 14-ஆம் அகவையிற் செருப்புத் தைக்கும் தொழில் பயிலப் புகுந்தார். கை தொழிலிற் படிந்திருக்கக் கண் நூலில் ஊன்றியிருந்தது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைப் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே கற்றார்.

1793-இல் வங்காளம் போந்தவர், 1800-இல் டேனியர் ஆட்சியிலிருந்த சீராம்பூரில் மார்ஷ்மன், வார்டு என்னும் நண்பரோடு கூடி அச்சகம் நிறுவினார். கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஏறத்தாழ 30 ஆண்டு மொழியாசிரியராய் இருந்து பெற்ற ஊதியத்திற் பெரும்பகுதியைத் திருப்பணிக்கே ஈந்தார். 1812-இல் அச்சகம் தீப்பட்டு, பல்லாண்டு உழைத்தெழுதிய கையெழுத்துப் படிகள் சாம்பராயின. அவர் சோர்ந்திலர்; மீண்டும் எழுதத் தொடங்கினார்.

1818-இல் மூவரும் சீராம்பூர்க் கல்லூரியைத் தோற்றுவித்தனர். முதற்கண் சேர்ந்த மாணவர் 37 பேர். கிறித்தவர்க்கேயன்றிப் பிற சமயத்தார்க்கும், சாதி வேறுபாடு கருதாது அதன் வாயில் திறந்திருந்தது. கீழ்நாட்டு இலக்கியமும் மேனாட்டு அறிவியலும் ஆண்டு ஒருங்கே கற்பிக்கப்பெற்றன. 1827-இல் டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரடெரிக், பல்கலைக்கழகம்போற் பட்டம் வழங்கும் உரிமையை அரச சாசனத்தால் அளித்தார். ஆயினும் அவ்வுரிமையால் முதற்பட்டங்கள் வழங்கப்பெற்றது 1915-இலேதான். கேரியோ 1834-இல் மறைந்தார்.

நம் குலத்துப் பெரியீர்! வித்திட்டவர் கனியைக் கண்டிலர். எனினும் வித்திடாது விட்டாரல்லர். கல்வி நிதிக்கு இன்று ஈயும் பொருளின் பயனை இன்றே காண விழைவோமாயின், எந்தக் கல்விச்சாலையும் எழாது. பிறந்த குடியின் தொழிலைக் காட்டிச் சிறுவனைப் பள்ளியினின்று நிறுத்துவோரும் இவ்வரலாற்றை ஒருகால் நினைப்பாராக.