ஐயரவர்களின் ஏழு ஆண்டுகள்

மறைந்த சான்றோருள் ஒருவரைக் காணும் பேறு கிட்டுமாயின் எவரைக் காண விழைவீர் என்று கேட்டால், தமிழன்பர் பலரும் உ. வே. சாமிநாதையரைச் சொல்வர். தலைப்பாகையும் சால்வையுமாய்ப் படத்தில் வீற்றிருக்கும் மகாமகோபாத்தியாயரை அன்று, 1880ஆம் ஆண்டு குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த இருபத்தைந்து வயது இளைஞரைக் காணவே என் நெஞ்சம் அவாவுகின்றது.

உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையரின் மைந்தர் அவர், 1855இல் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அப்பெரியார் 1876இல் மறையும்வரை பாடங்கேட்டவர். கல்லூரியில் சேர்ந்த அவ்வாண்டு அக்டோபரில், குடந்தையில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியாரோ அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அதனைக் கண்டதே இல்லை.

வேறொருவராயின் சினந்து வெளியேறியிருப்பார். ஐயரோ முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார். சமணக் கொள்கைகள் புலப்படவில்லை. சைவ மடத்தில் வளர்ந்த அந்த அந்தணர், குடந்தையிலிருந்த சமணர் இல்லங்களுக்கு மாணவராய்ச் சென்றார். ஒருநாள் அங்கே தோரணமும் கோலமும் கண்டு காரணம் கேட்க, சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்யும் விழா அது என்றனர். தமிழாசிரியர் அறியாத காப்பியம் ஒரு குடும்பத்தின் வழிபாடாக வாழ்ந்திருந்தது! சமண நூலைப் பதிப்பிப்பதா என்று சைவர் சிலர் முகஞ்சுளித்தனர், ஐயர் பின்வாங்கவில்லை. ஏடு தேடி அலைந்த உழைப்பினும் இப்பணிவே பெரிதென்பது என் துணிபு.

நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் கூறாமல் காட்டும் மேற்கோள்கள் அவரை அலைக்கழித்தன. அவற்றின் வேர் தேடியபோதுதான், திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் சங்கத் தொகை நூல்கள் எதிர்ப்பட்டன. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பின்னர்ப் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) எனத் தொடர்ந்தன. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார், பட்டங்களும் வந்தன. அவை யாவரும் அறிந்தவை.

எண்பத்தைந்தாம் அகவையை ஒட்டி ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கியவர், முதலியார் முன்னிலையில் நேர்ந்த அத்தலைகுனிவை மறைக்கவில்லை, விரிவாகவே எழுதினார். அவ்வரலாறு முற்றுப்பெறுமுன், 1942 ஏப்ரல் 28இல் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார்.