தமக்கையாய் நின்ற வைத்தியர்

சில சொற்கள் நாவில் எழுவதற்கு அஞ்சுகின்றன. அவற்றுள் புற்றுநோய் என்பது ஒன்று.

கந்தப்பளையில் ஆசிரியத் தொழில் புரியும் நான், சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தியின் பாட்டியாரை ஒரு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். அவர் ஆயுள் முழுதும் கொழுந்தெடுத்தவர். தமிழன்றி வேறு மொழி அறியாதவர். வைத்தியரோ தமிழறியாதவர். எனவே மொழிபெயர்க்கும் பணி என்மேல் விழுந்தது. வைத்தியர் நோயின் பெயரைக் கூறிவிட்டு, அடுத்த நோயாளரை அழைத்தார். கிழவியார் என் முகத்தையே பார்த்தார். நான் வயிற்றில் புண் என்று மட்டும் சொல்லி, எஞ்சியதை விழுங்கிவிட்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கையை மீண்டும் எண்ணத் தொடங்கியது அப்போதுதான்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையிலே பிறந்தார். ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே இடம்பெற்றுக் கற்றார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராகி, 1927இல் அதன் உபதலைவருமானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் ஆற்றிய பணியையும், ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டதையும் நம் மாணவர் நன்கறிவர்.

ஆயினும், அவர் வாழ்வில் ஆறாத புண் ஒன்றிருந்தது. அவருடைய தங்கை சுந்தராம்பாள் நோயுற்றபோது, அது சீதபேதியென்று கருதப்பட்டுச் சிகிச்சை நடந்தது. உண்மையில் அது மலக்குடற் புற்றுநோய். அறிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923இல் தங்கை மறைந்தார். பட்டம் பெற்ற வைத்தியரான தமக்கை, படுக்கையின் அருகே உறவினராய் அமர்ந்து அத்துன்பத்தைக் கண்டார்.

இங்கேதான் அம்மையாரின் தனிப்பெருமை இருப்பதாக நான் கருதுகின்றேன். வைத்தியர் நிற்கும் பக்கமும் குடும்பத்தார் விழிக்கும் பக்கமும் ஆகிய இரண்டையும் அவர் அறிந்திருந்தார்.

அத்துயரைப் பயனாக மாற்ற அவருக்கு முப்பதாண்டுகள் ஆயின. சாவதற்கென்றே வந்த நோய்க்குத் தனி வைத்தியசாலை எதற்கு என்று எண்ணியோர் அக்காலத்திற் பலர். அவர் தளரவில்லை, இந்திய மாதர் சங்கத்தின் துணைகொண்டு நிதி திரட்டினார். 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில், சிறு கட்டடமொன்றில், 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்துசேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். அம்மையார் 1968இல் மறைந்தார். நிலையமோ இன்றும் நின்று பணிபுரிகின்றது.

எங்கள் மலைநாட்டிலிருந்தும் நோயாளர் பலர் கண்டிக்கும் மகரகமைக்கும் நெடுந்தூரம் பயணஞ் செய்கின்றனர். ஒருநாட் சம்பளத்தை இழந்து, பேருந்தில் வாந்தியெடுத்துச் சென்று சேரும் அவர்களுக்கு மருந்து கிடைக்கின்றது. தம் நோய் யாது, இனி நிகழ்வது யாது என்பதை விளங்கும் மொழியில், இருந்து கேட்பார்க்கு இருந்து சொல்லும் ஒருவர் எப்போதும் கிடைப்பதில்லை. பிள்ளையோ, பேரனோ, என்னைப்போன்ற ஆசிரியனோ இடையில் நின்று பாதியைச் சொல்லி மீதியை மறைக்கின்றோம். இரக்கம் என்று நாம் அதற்குப் பெயரிடுகின்றோம். அஞ்சாமை இன்மையே அதன் உண்மைப் பெயர்.

மறுவாரம் நான் லயத்துக்குச் சென்று, கிழவியாரின் அருகே பாயில் அமர்ந்து, மறைத்ததைச் சொன்னேன். அவர் அழவில்லை. தமக்கு முன்பே தெரியும் என்றும், யாரும் வாய் திறவாமையால் தாமும் திறக்கவில்லை என்றும் கூறினார். பின்பு, கொழும்பிற் கடையொன்றில் வேலைசெய்த மகனுக்குச் செய்தி அனுப்பச் சொன்னார். மகன் வந்தான். தாயும் மகனும் மனம்விட்டுப் பேச மூன்று மாதங்கள் கிடைத்தன.

நான் விழுங்கிய சொல் அவர்களிடமிருந்து களவாடியது ஒரு வாரம். அதனை என்றும் விழுங்கியிருந்தால் எத்தனை நாட்களைக் களவாடியிருப்பேன் என்று எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது.

வைத்தியம் பயிலும் இளைஞர் அம்மையாரின் பட்டங்களை நினைவிற் கொள்க. அதனினும் முன்பாக, தங்கையின் படுக்கையருகே அவர் அமர்ந்திருந்த இடத்தை நினைவிற் கொள்க.