பீரங்கியில்லாத பாளையம்
நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் சரித்திரம்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் ஆலயத்துக்கு ஆடித்தபசு தரிசனத்துக்காக வரும் ஜனங்கள் புற்றுமண்ணை நெற்றியிலிட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவ்வாலயத்தினுள்ளேயே பூலித்தேவர் அறை என்று ஓர் இடம் உண்டு. அதைக் கேட்டறிந்து போகிறவர் எத்தனை பேர் என்பது நமக்கு ஐயமே. அம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்தும் அவசரத்தில் அந்த அறைக்குரிய மனிதரை மறந்துவிடுகிறோம். நேயர்கள் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்கவேண்டிய சரித்திரம் அவருடையது.

சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிச் செல்லும் வழியில் இருப்பது நெற்கட்டுஞ்செவல். சித்திரபுத்திரத் தேவருக்கும் சிவஞான நாச்சியாருக்கும் 1715-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி பூலித்தேவர் பிறந்தார் என்றும், 1726-ல் இளம் பிராயத்திலேயே பாளையப்பட்டுக்கு வந்தார் என்றும் கொள்ளுகிறார்கள். வரியாக நெல் கட்ட மறுத்தவருடைய ஊராதலால் நெற்கட்டான்செவல் என்ற பெயரும் வழங்கலாயிற்று என்பது ஊரார் கூறும் காரணம். பெயர்க்காரணம் எப்படியிருப்பினும், கட்ட மறுத்தது சரித்திரம்.

கட்ட மறுத்தது யாருக்கு என்பதைச் சற்று விளக்கவேண்டும். மதுரை நாயக்கர் ஆட்சி அழிந்தபின், ஆற்காட்டு நவாபு தென்பாண்டிச் சீமை தமக்கு அடங்கியதென்று உரிமை கொண்டாடினார். அந்த நவாபு முகம்மதலியோ இங்கிலீஷ் கும்பினியாருக்குக் கடன்பட்டவர். ஆகையால் வரி நவாபின் பெயரால் கேட்கப்பட்டது. வசூலிக்க வந்த சிப்பாய்கள் கும்பினியின் சிப்பாய்கள். 1755-ல் கர்னல் ஹெரானும், நவாபின் தமையன் மாபூஸ்கானும் பெரும்படையுடன் மதுரையையும் திருநெல்வேலியையும் கடந்து நெற்கட்டுஞ்செவலின் முன் வந்து நின்றார்கள். கோட்டையை இடிக்கத்தக்க கனத்த பீரங்கிகள் ஹெரானிடம் இல்லை. உணவுப் பொருளும் பணமும் குறைந்துகொண்டிருந்தன. இருபதினாயிரம் ரூபாய் கொடுத்தால் திரும்பிவிடுவதாகச் சொல்லியனுப்பினான். பூலித்தேவர் ஒரு காசும் தர இணங்கவில்லை. ஹெரான் வெறுங்கையுடன் திரும்பினான். அந்தப் படையெடுப்பிலேயே கோவில்குடி ஆலயத்து விக்கிரகங்களை அவன் கொள்ளையிட்டிருந்தான். நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவன் படையை மறித்து நொறுக்கினார்கள். பின்னர் கும்பினியாரே அவனை விசாரித்து உத்தியோகத்திலிருந்து நீக்கினார்கள்.

இந்த வெற்றியைப் பற்றி நாம் பெருமை பேசுவதோடு நின்றுவிடலாகாது. பூலித்தேவரிடம் என்ன இருந்தது, என்ன இல்லை என்று கணக்குப் பார்க்கவேண்டும். வேலும் வாளும் வளரியும் சொற்பத் துப்பாக்கிகளுமே பாளையக்காரர் ஆயுதங்கள். பீரங்கி வார்க்கும் சாலையோ, வெடிமருந்து வரவழைக்கத் துறைமுகமோ அவருக்குக் கிடையாது. தூத்துக்குடி 1658 முதல் டச்சுக்காரர் வசத்திலிருந்தது. கும்பினிக்கோ கடல் முழுவதும் வழி. ஒரு படை அழிந்தால் அடுத்த கப்பலில் ஆளும் குண்டும் வந்து இறங்கும். நெற்கட்டுஞ்செவலில் இறந்த வீரனுக்குப் பதில் அவன் தம்பிதான் வரவேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வு பழைய கதையல்ல. சென்ற நூற்றாண்டில் பீரங்கியின் ஸ்தானத்தை ஆகாய விமானம் பிடித்துக்கொண்டது. 1942 ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழும்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ந் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால், தன் தளத்தில் ஒரு விமானமும் இல்லாமல் சென்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மூழ்கியது. இலங்கைக்கு அன்று சொந்த விமானப்படை இல்லை. 1951-ல்தான் அது ஏற்பட்டது. எதிரியிடம் இருக்கும் ஆயுதம் தன்னிடம் இல்லாதபோது சிறிய நாடு என்ன செய்யும் என்ற கேள்வியை, விமானமே இல்லாத காலத்தில் பூலித்தேவர் சந்தித்தார்.

அவர் கண்ட விடைகள் இரண்டு. ஒன்று மண். கல்லாலான மதில் பீரங்கிக் குண்டு பட்டதும் பிளந்து சரியும். தடித்த மண்மதிலில் குண்டு புதைந்து கிடக்கும். இடிந்தாலும் ஓரிரவில் மீண்டும் எழுப்பிவிடலாம். கொத்தனும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். சுற்றிலும் முட்காடு; பின்னால் மலை. நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய கோட்டைகள் ஒன்றுக்கொன்று துணையாக நின்றன.

மற்றது கூட்டுறவு. மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்த்தார். திருவிதாங்கூர் மன்னருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். இந்த இரண்டாவது விடைதான் அவரை ஏமாற்றியது. 1756 மார்ச்சில் திருநெல்வேலிக்கு அருகே நடந்த போரில் எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் எதிர்ப்பக்கத்தில் நின்றன, கூட்டணி தோற்றது. அடுத்த வருஷம் மாபூஸ்கானே தம்பியுடன் பிணங்கிப் பூலித்தேவர் பக்கம் வந்தார். இவ்விதக் கூட்டுக்களை இன்றைய தேசியக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது நேர்மையாகாது. அன்று ஒவ்வொருவரும் தம் சீமையையே நாடு என்று எண்ணினர். எனினும் அவர்களை ஒரே வரிசையில் நிறுத்த முயன்றவர் இவர் ஒருவரே என்பதை மறுக்கமுடியாது.

1759-ல் கும்பினியின் தளகர்த்தன் யூசுப்கான், மருதநாயகம் என்று நாம் அறிந்த கான்சாகிப், களக்காட்டை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கூட்டுப்படை வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டது. கோட்டைக்குள்ளிருந்தோர் ஒரு புறம் பாய, பூலித்தேவர் வெளியிலிருந்து பாசறையைத் தாக்கினார். யூசுப்கான் பின்வாங்கினான். ஆனால் அவன் அயர்ந்துவிடுகிற மனிதனல்ல. 1761 மே 16-ந் தேதி மூன்று கோட்டைகளும் அவனிடம் வீழ்ந்தன. பூலித்தேவர் நாடிழந்து மறைந்து வாழ்ந்தார். மூன்று வருஷம் கழித்து, 1764 அக்டோபர் 15-ந் தேதி, அதே யூசுப்கானை நவாபும் கும்பினியும் சேர்ந்து மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

அதற்குப்பின் தேவர் மீண்டும் வந்து கோட்டைகளைப் பழுதுபார்த்தார். 1767-ல் கர்னல் காம்ப்பெல் வாசுதேவநல்லூரின் மேல் பீரங்கி பொழிந்தான். முந்தின வருஷம் அக்கோட்டையின் முன் ஒரு கும்பினிப் படை தோற்றுத் திரும்பியிருந்தது. குண்டு மாரிக்கு நடுவே காவலர்கள் நின்று, இடிந்த இடங்களைப் பனையும் வைக்கோலும் கொண்டு அடைத்ததைக் கண்டு காம்ப்பெல்லே வியந்து எழுதினான். எதிரியின் கையெழுத்தில் கிடைக்கும் புகழுரைக்கு நாம் ஒன்றும் சேர்க்கவேண்டியதில்லை. கடைசியில் காவலர்கள் மழையை மறைவாகக் கொண்டு வெளியேறி மலைக்காட்டில் புகுந்தனர்.

பூலித்தேவருடைய முடிவை ஜனங்கள் இவ்வாறு சொல்கிறார்கள். பிடிபட்டு அழைத்துச் செல்லப்படும் வழியில், சங்கரன்கோவிலில் சுவாமி தரிசனம் செய்ய அனுமதி கேட்டார். உள்ளே சென்றவர் வெளியே வரவில்லை. கைவிலங்குகள் அறுந்து கிடந்தனவாம். சிவஜோதியில் கலந்தார் என்பது பக்தர் நம்பிக்கை. நமக்கோ, அவரைக் கொன்றோம் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பை ஊரார் பகைவனுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

அவருடன் நின்றவர்களையும் சொல்லவேண்டும். அருந்ததியர் குலத்துதித்த ஒண்டிவீரன், தென்மலையில் கும்பினிப் பாசறைக்குள் நுழைந்து பீரங்கிகளின் வாயை அவர்கள் பக்கமே திருப்பி வைத்தான் என்று நாட்டுக் கதை பாடுகிறது. பீரங்கியில்லாத படைக்குப் பகைவன் பீரங்கியே உதவிற்று. தேவேந்திர குலத்து வெண்ணிக் காலாடி, கிழிந்த வயிற்றைத் தலைப்பாகையால் இறுகக் கட்டிக்கொண்டு போராடி மடிந்தான் என்பர். மறவரும் அருந்ததியரும் தேவேந்திரரும் ஒரே மண்மதிலின் பின்னால் நின்றார்கள்.

இன்று நெற்கட்டுஞ்செவலில் அரசாங்கம் எழுப்பிய நினைவு மாளிகை இருக்கிறது. 2022-ல் ஒண்டிவீரனுக்குத் தபால் தலை வெளியாயிற்று. ஒண்டிவீரன் நினைவு நாள் ஆகஸ்டு 20. பூலித்தேவர் பிறந்த நாள் செப்டம்பர் 1. இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு நாட்கள். வந்து மாலையிடும் கூட்டங்கள் வெவ்வேறு. ஒரே தளத்தில் நின்ற இருவரின் விழாக்களுக்காக, பல வருஷங்களில் அந்த நாட்களில் அவ்வட்டாரம் தடையுத்தரவின் கீழ் வைக்கப்பட்டு, சாலைகளில் போலீஸ் நிறுத்தப்படுகிறது.