கப்பித்தான் கிளிங்: நிலம் தேடித் தந்த பெரியார்



தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, பெரியில் கடல் கடந்து, ஜார்ஜ் டவுனில் இறங்கி நடந்திருப்பீர்கள். அங்கே வானளாவ நிற்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைப் பார்க்காதவர் உண்டா? அதை நிறுவிய பெருமகனாரின் பெயர் காதிர் முகைதீன் மெரிக்கன்.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர் அவர். 1786-ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் அமைத்த பின், நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக இங்கே பிழைக்க வந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக, அதாவது 'கப்பித்தான்' ஆகக் கும்பினியார் இவரை ஏற்றார்கள். 'கிளிங்' என்பது தென்னிந்தியரைக் குறித்து அந்நாளில் வழங்கிய சொல்.

தலைவர் பதவி கிடைத்ததும் இவர் என்ன செய்தார் தெரியுமா? ஊராருக்கு இடம் தேடினார்! 1801-ல் சூலியா தெருவுக்குத் தெற்கே 18 ஏக்கர் நிலத்தைக் கும்பினி வழங்கியது. பள்ளிவாசலும் அங்கே எழுந்தது. 1834-ல் அவர் காலமானார். நிலம் மட்டும் நிலைத்தது.

உலகெங்கும் பெரியோர் வழி இதுதான். 1136-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் பேரரசர் இரண்டாம் ஜான், தாம் கட்டிய கிறிஸ்தவ மடத்துக்கும் அதைச் சேர்ந்த 50 படுக்கை மருத்துவமனைக்கும் நிலங்களை ஒதுக்கி, நடைமுறை விதிகளையும் எழுதி வைத்தார். கட்டடம் மட்டும் போதாது, அதைத் தாங்கச் சொத்தும் விதியும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆனால் எழுதி வைத்தால் மட்டும் ஆகிவிடுமா? பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? பினாங்கில் அறச் சொத்துகளின் நிர்வாகம் நாளடைவில் தளர்ந்தது. அதனால் 1905-ல் முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பிறகுதான் சீர் திரும்பியது. 1910-ல் நியூப்ரோனர் என்ற கட்டடக் கலைஞர் பள்ளிவாசலுக்குப் புதுப்பொலிவு தந்தார்.

தோட்ட மக்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டம் கைமாறியபோது, நிலம் நம் பெயரில் இல்லாமல் நம்ம பள்ளிக்கூடங்கள் எத்தனை தவித்தன! கட்டட நிதிக்கு ஐந்து வெள்ளி கொடுத்ததோடு நம் கடமை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. நிலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வர வேண்டும்.

மாணவச் செல்வங்களே! பரிசு வாங்கும் கைகளே நாளை இந்தப் பள்ளியைக் காக்கும் கைகள். அந்தப் பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.