சக்கர நாற்காலியில் இருந்து ஆபரேஷன் செய்த டாக்டர் மேரி

தூத்துக்குடிக் கடலில் இப்போது முத்துக்குளிப்பு கிடையாது. 1961-ஆம் ஆண்டு நடந்ததுதான் கடைசி. ஆனால், சங்கு எடுக்க இன்றும் ஆட்கள் கடலில் இறங்குகிறார்கள்.

அந்தக் காலத்தில் கல்லின் பாரத்தால் இறங்குவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு, கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு, உடனே மேலே வந்துவிடுவார்கள். இன்று பலர் படகில் உள்ள காற்று எந்திரத்தின் குழாயை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அடியில் இருக்கிறார்கள். அதில்தான் ஆபத்து! ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், ரத்தத்தில் குமிழிகள் உண்டாகும். சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குகிறதே, அப்படி! அந்தக் குமிழி முதுகுத் தண்டைத் தாக்கினால், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விடும்.

தேரிக்காட்டுப் பனையில் இருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவருக்கும் இதே கதிதான். இப்படிப்பட்டவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு, விதி என்று வீட்டார் அழுத காலம் உண்டு. அதை மாற்றப் பாடுபட்டவர் ஒரு பெண் டாக்டர். அவருக்கே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது!

கார் உருண்டது

அவர் பெயர் மேரி வர்கீஸ். 1925-ஆம் ஆண்டு கொச்சியில் பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார்.

1954 ஜனவரியில் ஒரு நாள். மேரியும் வேறு சில டாக்டர்களும் ஒரே வண்டியில் உல்லாசப் பயணம் போனார்கள். வழியில் வண்டி மைல் கல்லில் மோதி உருண்டது. மேரியின் முகம் கிழிந்தது. முதுகுத் தண்டு நசுங்கியது. உயிர் பிழைத்தார். ஆனால், கால்கள் போயின.

டாக்டர் படிப்பு முடித்துச் சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. வயதோ முப்பதை எட்டவில்லை. இனி என்ன செய்வது?

வழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய பெரிய டாக்டர் அவர். கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? மேரி கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே கத்தி பிடித்தார்.

ஆபரேஷன் முடிந்தால் விரல் தானாக வேலை செய்துவிடாது. இடம் மாற்றித் தைத்த தசைநாருக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும். மடக்கு, நீட்டு என்று நாள்தோறும் பயிற்சி வேண்டும். கத்தி பாதி வேலைதான் செய்கிறது. மீதியைச் செய்வது பயிற்சி. மேரி இதைத் தம் உடம்பிலும் கண்டார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய், கால் இல்லாமல் காரியம் பார்க்கும் பயிற்சியைப் பெற்றார். பிறகு அமெரிக்கா போனார். நியூயார்க் நகரில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார்.

வேலூரில் புது நிலையம்

1962-ல் வேலூர் திரும்பினார். மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவர் ஆனார். 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய நிலையம் இந்தியாவில் அதுவே முதலாவது.

அங்கே சொல்லித் தருவது என்ன? கையை ஊன்றிக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவது, படுத்திருக்கும்போது சில மணிக்கு ஒரு தடவை புரள்வது, உட்கார்ந்திருந்தால் அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது. இவை சின்ன வேலைகள்தான். தவறினால் புண் வரும். புண் புரையோடினால் உயிருக்கே ஆபத்து.

மேரிக்கு 1972-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் மறைந்தார். அந்த நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வீட்டுக்கு வரும் டாக்டர்

வேலூரில் இருந்து தூத்துக்குடி 500 கிலோமீட்டருக்கு மேல். பயிற்சி முடித்து ஊர் திரும்பியவர் வீட்டில் ஒழுங்காகச் செய்கிறாரா? யார் பார்ப்பது? பஸ் ஏறி அடிக்கடி வர அவரால் முடியுமா?

இந்த இடத்தில்தான் செல்போன் உதவுகிறது. முழங்காலில் ஒரு சிறு கருவியைக் கட்டிக்கொண்டால், எத்தனை தடவை மடக்கினார், எவ்வளவு மடக்கினார் என்பது தொலைவில் உள்ள நிபுணருக்குத் தெரியும். தவறு இருந்தால் படத்தில் பேசித் திருத்துவார். தொலைவில் இருந்து வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகளை இந்திய அரசு 2020-ல் வெளியிட்டது. தூத்துக்குடிக்குப் பக்கத்து ஊர்களிலேயே இதற்கு உதாரணம் உண்டு. தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தின் ஊழியர்கள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் வீடு தேடிப் போகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைச் செல்போனில் பதிகிறார்கள். நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார்கள்.

கருவியால் எண்ண முடியும். எண்ணிக்கை குறைந்தால் மணி அடித்து நினைவூட்டவும் முடியும். ஆனால், உணர்ச்சி இல்லாத முதுகில் புண் தொடங்கினால் நோயாளிக்கு வலிக்காது. முழங்காலில் கட்டிய கருவிக்கும் அது தெரியாது. காலையும் மாலையும் தோல் சிவந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது இன்னமும் வீட்டுக்காரியின் வேலைதான்.